மின்னஞ்சலில் உங்கள் குரல் காணாமல் போனால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழிமுறை

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர்களுக்கும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கும், ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கும் வெளியூர்க் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக் கொடுப்பது என் தொழில். செயற்கை நுண்ணறிவு எழுத்து உதவிகள் ஜிமெயிலுக்குள்ளும் கைபேசி விசைப்பலகைக்குள்ளும் வந்து சேர்ந்ததிலிருந்து, என்னிடம் வரும் குறைகளில் பெரும்பகுதி ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. கடிதத்தில் இலக்கணப் பிழை எதுவும் இருப்பதில்லை. எழுதியவர் யார் என்பதும் அதில் தெரிவதில்லை. வியாபாரத்தில் கடனும் நம்பிக்கையும் ஆளைப் பார்த்தே கொடுக்கப்படுகின்றன என்பதால், இதை அழகுக் குறையாக நான் கருதுவதில்லை. பணத்தைத் தொடும் பழுதாகவே கருதுகிறேன். பெரும்பாலான நேரங்களில் காரணம் மிகச் சிறியதாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

எதற்கும் முன்: அளவுகோலை எடுத்து வையுங்கள்

சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாள் 2022 நவம்பர் 30. அதற்கு முன் நீங்கள் அனுப்பிய கடிதங்கள் பெரும்பாலும் உங்கள் கையால் எழுதியவையாகத்தான் இருக்கும். ஜிமெயிலின் தேடல் பெட்டியில் வலப்பக்கம் உள்ள வடிகட்டிக் குறியை அழுத்தி, ‘அனுப்பியவை’ என்ற பகுதியையும் அந்தத் தேதிக்கு முந்தைய காலத்தையும் தேர்ந்தெடுத்தால் அவை வரிசையாக வந்து நிற்கும். அவற்றிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து அச்சிட்டு வையுங்கள்: பழைய வாடிக்கையாளருக்கு எழுதியது ஒன்று, பாக்கிப் பணம் கேட்டு எழுதியது ஒன்று, முடியாது என்று மறுத்து எழுதியது ஒன்று. ஒருவருடைய குரல் நல்ல செய்தி சொல்லும்போது தெரிவதைவிட, பணம் கேட்கும்போதும் மறுக்கும்போதும்தான் தெளிவாகத் தெரியும். கீழே ‘பழைய கடிதத்தோடு ஒப்பிடுங்கள்’ என்று சொல்லும் இடங்களில் எல்லாம் இவற்றைத்தான் குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: யாருக்கு எழுதினாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாகவே இருக்கின்றன

*முதல் காரணம், தயார்ப் பதில் பொத்தான்கள்.* வந்த கடிதத்தின் அடியில் இரண்டு மூன்று குறும்பதில்கள் தோன்றும்; அவசரத்தில் ஒன்றை அழுத்திவிடுகிறோம். ஒரு வாரத்தில் அனுப்பியவற்றைத் திறந்து, ஒரே சொல்லில் முடிந்த பதில்கள் எத்தனை என்று பாருங்கள். அவை அதிகமாக இருந்தால் காரணம் இதுதான்.

*இரண்டாவது, தட்டச்சும்போது சாம்பல் நிறத்தில் முன்னே ஓடும் சொற்கள்.* 2018 முதல் ஜிமெயிலில் இருக்கும் ஸ்மார்ட் கம்போஸ் இதைச் செய்கிறது. வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்கள் உங்களுடையவையாக இருக்கும். மீதியை அது நீட்ட, நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். கணினியில் அமைப்புகளுக்குள் ‘பொது’ என்ற பகுதியில் எழுத்துப் பரிந்துரையையும், மேலே சொன்ன தயார்ப் பதில்களைத் தரும் ஸ்மார்ட் ரிப்ளையையும் நிறுத்தி, பக்கத்தின் அடியில் உள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்துங்கள். பலர் அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தாமல் வந்துவிட்டு, நிறுத்தியும் நிற்கவில்லை என்கிறார்கள். கைபேசிச் செயலியில் உள்ள அமைப்பையும் தனியே போய்ப் பார்க்க வேண்டும்.

*மூன்றாவது, விசைப்பலகை.* ஜிமெயிலில் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் பரிந்துரை வருகிறது என்றால், அது கைபேசியின் விசைப்பலகையிலிருந்து வருகிறது. விசைப்பலகையின் சொந்த அமைப்புகளுக்குள் சென்று சொற்பரிந்துரைப் பட்டையை நிறுத்துங்கள்.

இந்த அறிகுறிக்கு யாரையும் கூப்பிடத் தேவையில்லை. ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டு, பழைய கடிதத்தோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: “இப்போது உங்கள் மெயிலை யார் எழுதுகிறார்கள்?” என்று பழைய வாடிக்கையாளர் கேட்கிறார்

எனக்கு அதிகம் வருவதும், அதிக நேரம் எடுப்பதும் இந்தக் குறைதான். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வடக்கே உள்ள கடைக்காரருக்குத் தம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

“பாய், நேற்றே பார்சல் போட்டாச்சு. போன தடவை கொக்கி லூசாக இருக்கிறது என்றீர்களே, இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நானே இழுத்துப் பார்த்தேன். பாக்கியைப் பொங்கலுக்கு முன்னால் போட்டுவிட்டால் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுவேன்.”

எழுத்து உதவியில் நடையை முறைப்படியாக்கும் ‘ஃபார்மலைஸ்’ பொத்தானை அழுத்தியதும் அது இப்படி ஆயிற்று:

“தங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தரத்தை உறுதிசெய்யத் தேவையான அனைத்து நடவடிக்கைகளும் மேற்கொள்ளப்பட்டுள்ளன. நிலுவைத் தொகையை விரைவில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னென்ன உதிர்ந்தன என்பது தெரியும். கொக்கியைப் பற்றிய பழைய புகார் நினைவில் இருக்கிறது என்ற செய்தி போயிற்று. சோதித்தது முதலாளியே என்பது போயிற்று. பொங்கல் என்ற கெடு ‘விரைவில்’ என்று தேய்ந்தது. பணம் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதும் போயிற்று. ஆட்களின் கூலிக்காக என்று கேட்டால் பண்டிகைக்கு முன் பணம் போடும் மனிதர், ‘நிலுவைத் தொகை’ என்று கேட்டால் தன் கணக்குப்பிள்ளையிடம் காகிதத்தைத் தள்ளிவிடுகிறார். கடிதம் மரியாதையாகத்தான் இருக்கிறது. அதில் பேசும் ஆள்தான் வேறு.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

*பொத்தான்.* மெருகூட்டும் பொத்தான்கள் பிழையை மட்டும் திருத்துவதில்லை. முழுக் கடிதத்தையும் புதிதாக எழுதிவிடுகின்றன. அவற்றைக் கைவிட்டு, திருத்தம் மட்டும் கேளுங்கள். நான் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் ஆணை இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: “கீழே உள்ள கடிதத்தில் எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் மட்டும் திருத்து. வாக்கியங்களின் வரிசையை மாற்றாதே. புதிய வாக்கியம் எதையும் சேர்க்காதே. இருக்கும் வாக்கியத்தை நீக்காதே. பெயர், தேதி, தொகை, எடை, டச் (வெள்ளியின் தரம்) ஆகியவற்றைத் தொடாதே. எங்கெங்கே மாற்றினாய் என்று கடைசியில் தனியே சொல்.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மாற்றங்களின் பட்டியல் கடிதத்தைவிட நீளமாக வந்தால், அது திருத்தவில்லை, மாற்றி எழுதியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

*வெறும் ஆணை.* “பாக்கி கேட்டு ஒரு மெயில் எழுது” என்று மட்டும் சொன்னால், அதற்கு உங்கள் பொங்கலும் தெரியாது, கொக்கியும் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான கடிதத்தைத்தான் தர முடியும். முதல் நகலை நீங்கள்தான் எழுத வேண்டும். எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

*பரிந்துரை இழுக்கும் திசை.* கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியர்களும் அமெரிக்கர்களுமாக 118 பேரை எழுத வைத்துச் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. பரிந்துரைகளோடு எழுதிய இந்தியர்களின் எழுத்து அமெரிக்க நடையை நோக்கி நகர்ந்ததையும், பிடித்த உணவு, பண்டிகை என்று எழுதத் தொடங்கியபோது கருவி பீட்சாவையும் கிறிஸ்துமஸையும் முன்வைத்ததையும் அதில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கடிதங்களில் ஊர், பண்டிகை, பருவம், ஆட்களின் பெயர் எல்லாம் குறைந்துகொண்டே வருகின்றனவா என்று பழைய கடிதத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் அனுப்புவதற்கு முன் ஒரு பெயரையாவது, ஒரு நாளையாவது உங்கள் கையால் திரும்பச் சேர்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

*ஒரே முகவரியில் பல கைகள்.* முதலாளி, மகன், அலுவலகப் பெண் மூவரும் ஒரே முகவரியிலிருந்து, ஒரே கருவியில், முதலாளியின் பெயரிலேயே எழுதும் இடங்களில் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. யார் எழுதினாரோ அவர் பெயரிலேயே கடிதம் போகட்டும். முதலாளியின் பெயரில் போக வேண்டியதை முதலாளி வாசித்துவிட்டு அனுப்பட்டும். செலவில்லாத தீர்வு என்றாலும் நடைமுறைக்குக் கொண்டுவரக் கடினமானது இதுதான்.

*விலைக்கு வாங்கிய மென்பொருள்.* வாடிக்கையாளர் பட்டியலையும் கடிதங்களையும் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருள் இருந்தால், அதற்குள் இருக்கும் மாதிரிக் கடிதங்கள் உங்கள் சொற்களின் மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். சோதிக்க, உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் எழுதாத வரி அதில் இருந்தால், மென்பொருளை விற்றவரின் உதவிப் பிரிவைக் கூப்பிட வேண்டிய கட்டம் வந்துவிட்டது. உள்ளே புகுந்து நீங்களே மாதிரிகளை நீக்க வேண்டாம். பில் அனுப்பும் மாதிரியும் அதே இடத்தில்தான் இருக்கும்.

அறிகுறி: கடிதம் நீண்டுவிட்டது, முக்கியமான செய்தி உள்ளே புதைந்துவிட்டது

ஏற்காட்டு விடுதிக்காரர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இரவில் வந்து சேரலாமா என்று விருந்தினர் கேட்கிறார். நேரில் கேட்டிருந்தால் வீட்டுக்காரர், “சேலத்திலிருந்து ஏறும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பனி இறங்கினால் முன்னால் போகும் வண்டி தெரியாது, வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடுங்கள்” என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். கருவி எழுதித் தரும் கடிதத்திலோ வரவேற்பு ஒரு பத்தி, சேர்வராயன் மலையின் எழில் ஒரு பத்தி, காப்பித் தோட்டத்தின் நறுமணம் ஒரு பத்தி என்று போய், நான்காம் பத்தியின் நடுவில் ‘பகல்நேரப் பயணம் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று வருகிறது. ஊருக்குப் புதியவர் அதைப் படிக்காமலே இருட்டியபின் மலையடிவாரத்தில் வந்து நிற்பார்.

சோதனை எளிது. கடிதத்தை உங்கள் கைபேசியில் திறந்து, திரையை நகர்த்தாமல் பாருங்கள். கேட்ட கேள்விக்கான பதில் அந்த முதல் திரையில் இருக்கிறதா? இல்லையென்றால், கடிதத்தை விரித்தெழுதும் ‘எலாபரேட்’ பொத்தானை அழுத்தினீர்களா என்று முதலில் நினைவுபடுத்துங்கள். அழுத்தவில்லை என்றால், ஒரு வரி ஆணையிலிருந்து முழுக் கடிதத்தையும் எழுதவைத்திருப்பீர்கள். சொல்ல விஷயம் குறைவாக இருக்கும்போது வருணனையால்தான் இடம் நிரம்பும். முதல் வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள், அது கேள்விக்கான பதிலாக இருக்கட்டும். மீதியைக் கருவி எழுதினாலும் பாதிப் பழுது அதோடு நீங்கிவிடும்.

அறிகுறி: நீங்கள் சொல்லாத விஷயம் கடிதத்தில் இருக்கிறது

இங்கே வேகமாகச் செயல்பட வேண்டும், ஏனென்றால் குரலோடு சேர்ந்து உங்கள் வாக்கும் மாறியிருக்கிறது.

சேலத்து வெள்ளித் தொழிலில் ‘80 டச்’ என்றால் நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். கருவிக்கு அந்த வழக்கு பிடிபடாமல் போகலாம். ‘80 டச் கொலுசு’ என்று ஆங்கிலத்தில் எழுதியதை ‘மெருகூட்டிய 80 கொலுசுகள்’ என்று அது மாற்றிவிட்டால், தரம் எண்ணிக்கையாகிவிடும். ‘முடிந்தால் 15-ஆம் தேதிக்குள்’ என்பது ‘15-ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவோம்’ என்று உறுதியாவதும், கேட்காத இடத்தில் ‘ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்’ என்ற வரி நுழைவதும், விடுதிக் கடிதத்தில் ‘இலவசக் காலை உணவு’ முளைப்பதும் இதே வகைதான்.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை: உங்கள் முதல் நகலில் உள்ள எண்கள், தேதிகள், அளவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முடிந்த கடிதத்தில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். தாளில் மிச்சமிருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. கடிதத்தில் மிச்சமிருந்தால் ஏதோ சேர்ந்திருக்கிறது. பிறகு ‘உறுதி’, ‘நிச்சயம்’, ‘இலவசம்’, ‘வருந்துகிறோம்’ என்ற பொருள் தரும் சொற்களை மட்டும் தேடிப் பார்த்து, அவற்றை நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதே கடிதத் தொடரிலேயே, எது தவறு, எது சரி என்று இரண்டு வரியில் திருத்தம் அனுப்புங்கள், தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள். இந்தத் திருத்தத்தைக் கருவியிடம் கொடுக்காதீர்கள்.

எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தை நம்பி முன்பணம் அனுப்பியிருந்தாலோ, ஒப்புக்கொள்கிறோம் என்று பதில் எழுதியிருந்தாலோ, அடுத்த வரி எழுதுவதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவு சொல்கிறது. மின்னஞ்சல் பரிமாற்றத்தின் வழியாகவே ஒப்பந்தம் உருவாகலாம் என்று உச்ச நீதிமன்றமும் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் 2010-இல் ஏற்றுக்கொண்டது. எழுதியது கருவிதான் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் இணையதள உரையாடல் கருவி பயணிக்குத் தவறான தகவல் கொடுத்த வழக்கில், அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அதிலிருந்து அறியலாம். பில்லில் உள்ள எடையோ தரமோ கடிதத்தோடு முரண்பட்டால் ஆடிட்டரிடமும் காட்டுங்கள்.

அறிகுறி: தமிழில் எழுதிய கடிதம் தமிழாக ஒலிக்கவில்லை

முதல் வரியில் ‘தாங்கள்’, மூன்றாம் வரியில் ‘நீங்கள்’, முடிவில் ‘உன்’ என்று வந்தால், ஆணையை ஆங்கிலத்தில் கொடுத்திருப்பீர்கள். அல்லது யாருக்கு எழுதுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். பெரியவரா, சமவயதினரா, ஐயா என்று விளிப்பீர்களா, அண்ணா என்று விளிப்பீர்களா என்பதை முதலிலேயே தெரிவியுங்கள். அதைவிட நல்ல வழி, கைபேசியின் குரல் தட்டச்சில் தமிழிலேயே பேசிப் பதிவுசெய்து, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொல்வது. முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நாக்கு எங்கே தடுக்கிறதோ அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அதே விஷயத்தை எதிரே இருப்பவரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்.

அறிகுறி: இரங்கலோ மன்னிப்போ எழுதினீர்கள், பதிலே வரவில்லை

இதற்கு ஒரே காரணம்தான், ஒரே தீர்வுதான். இவற்றுக்குக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். தயார்ப் பதில்களைப் பற்றி 2023-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான ஆய்வில், எதிரில் இருப்பவர் கருவியைக் கொண்டு பதில் எழுதுகிறார் என்று சந்தேகப்பட்டவர்கள் அவரைக் குறைவாகவே மதித்தது தெரிந்தது. சாதாரண உரையாடலிலேயே அப்படி என்றால், துக்கம் நடந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிழையோடு இரண்டு வரி எழுதினால் போதும். அதுவும் முடியவில்லை என்றால் தொலைபேசியில் பேசுங்கள்.

அறிகுறி: கருவியை நிறுத்தினால் கையே ஓடவில்லை

இதைச் சொல்ல வருபவர்கள் தயங்கித் தயங்கியே சொல்கிறார்கள். தயங்க வேண்டியதில்லை, சரிசெய்யக்கூடியதுதான், நாள்தான் பிடிக்கும். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டும்: முன்பு நீங்களே எழுதிக்கொண்டிருந்தீர்களா, இல்லையா?

*எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்றால்,* பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அன்றாடம் வரும் கடிதங்களில் மிகச் சிறியதை மட்டும் கருவி இல்லாமல் எழுதுங்கள். பழைய கடிதங்களை எதிரில் வைத்துக்கொண்டு, அவற்றில் நீங்கள் வாக்கியத்தைத் தொடங்கிய விதத்திலேயே தொடங்குங்கள். சிறிய கடிதங்கள் தடையில்லாமல் வந்த பிறகு பாக்கி கேட்கும் கடிதத்துக்குப் போகலாம்.

*எழுதிக்கொண்டிருக்கவில்லை என்றால்,* உங்கள் ஆங்கிலக் கடிதங்களை முன்பு மகளோ, டைப்பிங் சென்டர்காரரோ, என்னைப் போன்ற ஒருவரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். சேலத்துச் சிவதாபுரத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் இப்படித் தொழில் நடத்தியவர்கள் ஏராளம். அவர்கள் இன்று யாரையும் எதிர்பார்க்காமல் வெளிநாட்டுக் கடைக்காரருக்கு நள்ளிரவிலும் பதில் அனுப்புகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இந்தக் கருவிகள்தான். இவர்களிடம் கருவியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அது நியாயமும் இல்லை. இவர்களுடைய குரல் தமிழில் முழுமையாகவே இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் அது சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்கான வழி: சொல்ல வேண்டியதை எதிரில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பதுபோல் தமிழில் பேசிப் பதிவுசெய்யுங்கள். “இதை ஆங்கிலமாக்கு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம். எதையும் சேர்க்காதே, விடாதே, மெருகூட்டாதே. புரியாத தொழிற்சொல் வந்தால் என்னிடம் கேள்” என்று சொல்லுங்கள். வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கச் சொல்லி, நீங்கள் பேசியதோடு ஒப்பிடுங்கள். இந்தத் திருப்பி மொழிபெயர்க்கும் சோதனையை முதல் கடிதத்தைத் தொடங்கிய உரையாடலில் செய்யாமல், புதிதாக ஒன்றைத் திறந்து செய்யுங்கள். பழைய உரையாடலில் உங்கள் தமிழ் கண்முன்னே இருப்பதால் அதையே பார்த்துத் திருப்பித் தந்துவிடக்கூடும். தொழிற்சொற்களுக்கு ஒரு சிறு பட்டியலும் தயார் செய்துவையுங்கள். டச், சேதாரம், கூலி, கொக்கி, அரும்பு என்று உங்கள் பட்டறையில் புழங்கும் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட ஆங்கிலச் சொல்லை எழுதி, ஒவ்வொரு முறையும் ஆணையோடு சேர்த்து ஒட்டுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும், திரும்பி வரும் தமிழ் நீங்கள் பேசியதாகத் தெரியவில்லை என்றாலோ, வெளிநாட்டு ஆர்டர் பெரிதாகி ஒவ்வொரு கடிதத்திலும் பெருந்தொகை தொங்குகிறது என்றாலோ, ஏற்றுமதிக் கடிதங்களில் பழகிய ஒருவரை வாரத்தில் சில மணி நேரத்துக்காவது அமர்த்திக்கொள்ளுங்கள். அவரிடம் முதலில் கொடுக்க வேண்டியவை, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் தொழிற்சொல் பட்டியலும், நீங்கள் தமிழில் பேசிய பதிவுகளும்.